ஒட்டுக்குக் கீழே வெட்டிய தோடை

ஸ்பிரிங்வெளி, மேல் லயம்
மாசி மாசம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் விதுஷாவுக்கு அப்பா தம்பையா சொல்லி, பக்கத்துக் காம்பரா வீட்டு விஜயலெட்சுமி எழுதுறது. மாரியாத்தா புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், ஜோர்தான்ல நீயும் நோய்நொடி இல்லாம வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருக்கணும். ஞாயித்துக்கிழமைதானே போன்ல பேசினோம், அதுக்குள்ள என்ன கடுதாசின்னு நீ கேப்பே. போன்ல நீ சிரிக்கிறதக் கேட்டா எனக்கு வாய் அடைச்சுப் போகுதும்மா. அதனாலதான் லீவு முடிஞ்சு உங்க தையல் பெக்டரிக்கே திரும்பிப் போற பதுளை றின்ஸா கையில இதக் குடுத்து விடுறேன்.

முதல்ல தோட்டத்துச் சேதி. இந்த வருசம் ஐப்பசி மழை ரொம்பப் பெலமா அடிச்சுது, மழை கூடினா எல்லாருக்கும் மண் சரிஞ்சு லயத்தையே மூடின மீரியபெத்த நெனப்புத்தான், நாலு நாள் இஸ்கூல்ல கொண்டு போயி வச்சிருந்தாங்க. திரும்பி வந்து பாத்தா முட்டைக்கோவா நட்ட பாத்தி கழுவிக்கிட்டுப் போயிருந்துச்சு. மார்கழியில மறுபடி நாத்து வாங்கி நட்டேன், இப்ப கையகலத்துக்கு உருண்டு வருது. போஞ்சி நல்லாக் காய்ச்சுது, ரெண்டு தரம் பிடுங்கியாச்சு. தக்காளிக்கு இலைச்சுருட்டல் வந்து உங்கம்மா சாம்பல் தூவிப் பாத்தா, பாதி பொழச்சுது. பூசணி கொடி லயத்துக் கூரை மேல ஏறி ஆறு காய் கெடக்கு. வத்தாளங்கிழங்கை முள்ளம்பன்றி தோண்டிட்டுப் போயிருச்சு, மிச்சத்தை நாங்க அவிச்சுத் தின்னோம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலிதான், கொழுந்தெடுக்க அரைநேரம் மட்டும் போறா. நீ அனுப்பின எண்ணெய் முடிஞ்சிருச்சு, ஆனா அதுக்காக மெனக்கெட்டு வாங்காதே.

இப்ப நான் சொல்ல வந்தது. பீலித்தண்ணி விழற எடத்துக்கு மேல நீ நட்டுட்டுப் போன தோடங்கன்று சமாச்சாரம். நீ அதை வாங்கி வந்த நாள் எனக்கு நேத்து மாதிரி இருக்கு. பங்குனி மாசம் வியாழக்கிழமை, நீ பச்சைப் பாவாடை கட்டியிருந்தே, கறுப்புப் பையில இருந்த கன்ற மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்தே, இதுக்கும் டிக்கெட் எடுங்கன்னு கொண்டக்டர் கேலி பண்ணினான்னு சொல்லிச் சிரிச்சே. ஹுமைத் நானா கடையில வாங்கின ஒட்டுக்கன்று, பிபிலை ஊர்த் தோடை, ஒரேஞ்சுல நல்ல சாதி, தேனா இருக்கும்னு சொன்னே. குழி தோண்டி நீயே நட்டு, தண்டுல ஒரு சாண் ஒசரத்துல இருந்த முடிச்சைக் காட்டி, அப்பா இதுல மட்டும் உங்க கத்திய வச்சிறாதீங்க, இது காய்க்கிறப்ப நான் வந்துருவேன்னு சொன்னே. சரிம்மான்னு தலையாட்டினேன். தலைதான் ஆடுச்சு, காது கேக்கல.

நீ போயி ஏழாம் மாசம் கன்று நோஞ்சானாப் போச்சு. இலை மஞ்சளிச்சு, நுனி காய்ஞ்சுது. முப்பத்தெட்டு வருசம் கவ்வாத்து வெட்டின கை இது, நம்ம மலையில என் வெட்டு மாதிரி ஒருத்தன் வெட்டினதில்லேன்னு அந்தக் காலத்துத் தொரையே சொல்லியிருக்கார். தேஞ்சு போன தேயிலையத் தரையோட எறக்கி வெட்டினா புது உடம்பெடுத்து வரும், அதுதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம். உங்கம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, அது தேயிலை இல்லைங்க, அவளுக்கு ஒரு வார்த்தை போன்ல கேட்டுட்டு வெட்டுங்கன்னா. கொழுந்தெடுக்கிறவளுக்குக் கவ்வாத்தைப் பத்தி என்ன தெரியும்னு சொல்லிட்டு, கவ்வாத்துச்சாமிக்குச் சூடம் கூடப் பத்த வச்சிட்டு, முடிச்சுக்கு நாலு விரல் கீழ சாய்வா ஒரே வெட்டு. வெட்டின மேல்துண்டைப் போஞ்சிக்குக் கொம்பா ஊனினேன். ஒரு வாரம் அதுல கூடத் துளிர் நின்னுச்சு, பாத்தியா என் கை ராசியன்னு உங்கம்மாகிட்டப் பெருமையடிச்சேன்.

அடிக்கட்டை தழைச்சுது பாரு, அப்பிடித் தழைச்சுது. நாலு வருசத்துல என் தலைக்கு மேல. உன்கிட்ட ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மரம் அப்பிடி இருக்கு இப்பிடி இருக்குன்னு சொன்னதெல்லாம் அது வரைக்கும் உண்மைதான். முள்ளு விரல் நீளத்துக்கு இருந்துச்சு, நல்ல சாதிக்கு முள்ளு இருக்கும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். போன வருசம் போஞ்சி வாங்க ஆட்டோவுல வந்த ஹுமைத் நானா மரத்தைப் பாத்தார். கிட்டப் போனார், குனிஞ்சு அடியத் தடவினார். பொறகு மெதுவாச் சொன்னார், ஐயா, நீங்க வெட்டிப் போட்டதுதான் மகள்ட மரம், இப்ப வளக்கிறது அதுட காலை. அந்த முடிச்சுக்கு மேலதான் தோடையாம், கீழ காட்டு நாரத்தையாம். கோவப்படல அந்த மனுசன், பெரியவரை ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு போஞ்சியக் கட்டிக்கிட்டுப் போயிட்டார். திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும்.

அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம இன்னும் ஒண்ணு செஞ்சேன், அதுதான் வெக்கம். தைப்பொங்கலுக்கு நீ போட்டோ கேட்டே. பதுளைச் சந்தையில நாலு தோடம்பழம் வாங்கி வந்து, நூல்ல கட்டி, கிளையில தொங்க விட்டு, பக்கத்துல நான் வேட்டி சட்டையோட நின்னேன். இப்ப இதை எழுதிக்கிட்டு இருக்கிற விஜயலெட்சுமிதான் படம் பிடிச்சது. அவ பேனாவ வச்சிட்டு, மாமா இதையுமா எழுதணும், பிள்ளைக்காம்பராவுல நாப்பது புள்ளைகளுக்குப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக் குடுக்கிறவ நான்னு தலையில கை வச்சுக்கிட்டு இருக்கா. எழுதுன்னு சொல்லிட்டேன். உங்கம்மா அந்த நாலு பழத்தையும் தொடல. என்னையும் ரெண்டு நாள் ஏறெடுத்துப் பாக்கவே இல்ல.

மரத்துல இப்ப நெசமாவே காய் இருக்கு. தோல் தடிச்சு, மேடு பள்ளமா, மஞ்சளா. குரங்குக் கூட்டம் வந்து பூசணிப் பூவைக் கூட விடல, இதை மட்டும் ஒண்ணு பிச்சுக் கடிச்சுட்டு என் முன்னாலயே துப்பிட்டுப் போச்சு. விதுஷாவுக்குப் புளிப்பு பிடிக்கும்தானேன்னு மனசைத் தேத்திப் பாத்தேன், அதுவும் பொய், புளிப்பு பிடிக்கிறது உங்கம்மாவுக்கு.

போன வாரம் றின்ஸா பயணத்துக்கு முன்னால எங்களைப் பாக்க வீட்டுக்கு வந்திருந்தா, நல்ல புள்ள, பாய் கடை மைசூர்பாகு கொண்டு வந்தா. அந்தப் போட்டோவ உங்க ஹொஸ்டல்ல எல்லாருக்கும் காட்டினியாமே, தோடை மரத்தைக் கண்ணால பாத்துட்டு வரணும்னு அவகிட்டச் சொல்லி விட்டியாமே. பீலிப் பக்கம் வழுக்குது மகள், நீ விழுந்துருவேன்னு சொல்லித் தடுத்துட்டேன். வெயில் அடிச்சுக் காஞ்சு கெடந்துச்சு அந்தப் பாதை. அவ தேத்தண்ணியக் குடிச்சுட்டு, போறப்போ சொன்னா, இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பெக்டரி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடவா வேணாமான்னு இருந்த விதுஷா, மரம் காய்ச்சிருச்சு ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டா அங்கிள்னு. அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. சொன்னா நீ வராம போயிருவியோன்னு பயம். சொல்லாம விட்டா, நூல்ல கட்டின பழத்தை நம்பி நீ வந்து நிப்பே, அது அதை விடப் பயம்.

உன்னைப் பத்தாம் வகுப்போட நிப்பாட்டி, தோட்டத்துல ஆள் எடுக்கிறாங்கன்னு பெரட்டுக்களத்துக்குப் பேர் பதியக் கூட்டிக்கிட்டுப் போனேனே, அன்னைக்கும் உன்னைக் கேக்கல. நீ வெள்ளை யூனிபோமோடயே வந்து வரிசையில நின்னே. கணக்கப்பிள்ளை உன்னைப் பாத்தார், என்னைப் பாத்தார், எழுதினார். அதை நான் மறக்கல மகளே, மறந்த மாதிரி இருந்தேன்.

ஹுமைத் நானா ஒரு யோசனை சொல்றார். வேர் நல்ல வேராம், சித்திரை மழைக்குப் பட்டை எளகுமாம், அப்ப ஒரு கிளைய விட்டுட்டு மத்ததைக் கழிச்சு, பிபிலைத் தோடையோட மொட்டு வச்சுக் கட்டலாமாம். காய்க்க மூணு வருசம். பிடிச்சாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும். இல்லேன்னா புடுங்கிட்டு வேற நடணும். என் கவ்வாத்துக் கத்தியத் துணியில சுத்தி உங்கம்மாகிட்டக் குடுத்துட்டேன், அவ அரிசிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. நீ சொல்றதுதான். நீ அங்க கையெழுத்துப் போட்டாலும் சரி, இங்க வந்தாலும் சரி, மரத்துக்கு என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை சொல்லி விடு. அது வரைக்கும் ஒரு எலையக் கூடக் கிள்ள மாட்டேன்.

மிஷின்ல ஊசி விரல்ல பட்டுடாம பாத்து வேலை செய். குளிருக்குக் காலுறை போடு. றின்ஸா மேல கோவிச்சுக்காதே, அவளுக்கு இது ஒண்ணும் தெரியாது. அவ கையில ஒரு போத்தல் நாரத்தங்காய் ஊறுகாய் இருக்கு, உங்கம்மா போட்டது, அந்த மரத்துக் காய்தான். மாரியாத்தாவும் கதிர்காமத்தானும் உன் கூடவே இருக்கட்டும், நீ நூறு வருசம் நல்லா இருக்கணும்.

உன்னைக் கேக்காத அப்பா
தம்பையா (இது அவர் கைநாட்டு)