முதுகுக்குப் பின்னால் வருகிறவர்கள்

14 ஜூன் 2025, சனி

முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான் என்று அனந்துவிடம் சொன்னேன். அவ்வளவு இல்லை.

கேம்ப் ரோடு தாண்டியதும் தண்ணீர் லாரி. என் வலது தோளுக்குப் பக்கத்தில் அதன் சக்கரம் வந்த பிறகுதான் தெரிந்தது. பதறி சைக்கிளோடு இடது பக்கம் விழுந்தேன். பழம் விற்கிற அம்மா தூக்கிவிட்டுக்கொண்டே திட்டினாள். "எவ்ளோ நேரமா ஹாரன் அட்ச்சிகினு வரான்! இன்னா, காது கேக்கலியா?"

கேட்கவில்லைதான். மார்ச்சில் ஒரு காலை எழுந்தபோது வலது காது அணைந்திருந்தது. ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லி ஆறு வாரம் ஆகிறது. ஒரு காது போனால் பாதிச் சத்தம் போகும் என்று நினைத்திருந்தேன். போனது திசை. சத்தம் வருகிறது, எங்கிருந்து என்று மட்டும் தெரிவதில்லை.

15 ஜூன், ஞாயிறு

முழங்காலை அனந்து பார்த்துவிட்டார். கேட்டார். சொன்னேன்.

"விட்டுடு கீதா. நாப்பத்தொன்பது வயசு, ஒரு காது, ஜிஎஸ்டி ரோடு. வீட்டுக்குள்ளயே மிதிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிக்கலாம்."

சுவரைப் பார்த்துக்கொண்டு மிதிக்கவா? ஆறு வருஷமாக, காலையில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் யாருக்கும் பதில் சொல்லாத நேரம். அதைச் சொல்லத் தோன்றவில்லை. "ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பாக்கறேன். சைக்கிளுக்குக் கண்ணாடி வெச்சு ஓட்டறேன். ஒரு தடவை பயந்தாலும் நானே வந்து சொல்றேன். அப்புறம் வித்துடலாம்" என்றேன்.

"மறைக்க மாட்டியே?"

"இத்தனை வருஷத்துல உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேனா?"

கொஞ்சம் யோசித்தார். "எங்கம்மா சமையலைப் பத்திச் சொல்லியிருக்கே."

21 ஜூன், சனி

பரணில் அவருடைய ஸ்கூட்டர் கண்ணாடிகள் தினத்தாளில் சுற்றிக் கிடந்தன. தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டிகளை நெருக்கி நிறுத்தும்போது இடிக்கிறது என்று, வாங்கிய மாதமே கழற்றிவிட்டார். என் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்!

ஒன்றை எடுத்துக்கொண்டு சேலையூரில் தயாளன் சைக்கிள் கடைக்குப் போனேன். "எக்கா, இத்த மாட்டுனா வண்டி ஒரு பக்கமா சாஞ்சிக்கும்" என்று சிரித்தார். பிடிவாதமாக மாட்டச் சொன்னேன். ரோட்டில் அது நடுங்கிய நடுக்கத்தில் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்பு, ஒரு மஞ்சள். பஸ்ஸா ஆட்டோவா, கடவுளுக்கே வெளிச்சம். பழையபடி பரணுக்கே போயிற்று.

5 ஜூலை, சனி

மூக்குக் கண்ணாடியின் காம்பில் செருகுகிற சின்ன ஆடி. வெளிநாட்டு வீடியோவில் ஒரு பெரியவர் ஆகா ஓகோ என்றார். தபாலில் வந்தது. இன்று போட்டுக்கொண்டு போனேன். நடுக்கமே இல்லை. மிகத் தெளிவாகச் சாக்கடையும் இரண்டு நாய்களும் தெரிந்தன.

அந்த நாட்டில் சாலையின் வலப்பக்கம் போகிறார்கள். வண்டிகள் இடது தோளைத் தாண்டும். அதனால் ஆடி இடது கண்ணுக்கு. இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் ஒளியியல் நடத்துகிறவளுக்கு இது உறைக்க நடுரோட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

கூட ஓட்டி வந்த யூனிஸ் (வேதியியல் துறை, என் ஒரே சைக்கிள் துணை) வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாய் துரத்துறது தெரிஞ்சா அதுவும் சேஃப்டிதானேப்பா!"

12 ஜூலை, சனி

மூன்றாவது. கைப்பிடியின் வலது முனையில் செருகும் குவி ஆடி. பிஸ்கட் அளவு. நடுங்கவில்லை.

தயாளன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் என் முழங்கை தெரிகிற மாதிரி வைத்தார். "உன் முயங்கை கொஞ்சம் தெர்யணுங்கா. உன் கை எங்க கீதுன்னு தெர்ஞ்சாத்தான் அவன் எங்க கீறான்னு தெர்யும்." இதை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

குவி ஆடி எதையும் சிறிதாக்கி, தள்ளிக் காட்டும். கரும்பலகையில் நூறு முறை வரைந்திருக்கிறேன். என் உடம்புக்கு அது தெரியாது. மாலையில் காலி மைதானத்தில் யூனிஸைக் குடையோடு பின்னால் நிற்கவைத்துப் பழகினேன். எங்கோ நிற்கிறாள் என்று திரும்பினால், கை நீட்டினால் தொடலாம்.

16 ஜூலை, புதன்

கழுத்து வலிக்கிறது. திரும்பிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

காலை ஆறுக்கு முன், வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலை. யூனிஸ் முன்னால் போய்விட்டாள். உயிரியல் பூங்காவில் சிங்கம் உறுமியது. சுவர் இருப்பது வலப்பக்கம், எனக்குக் கேட்டது இடப்பக்கம். அப்போதுதான் ஆடியைப் பார்த்தேன். முதல் முறையாக, பார்க்கவேண்டும் என்று நினைக்காமல், தானாக.

கடுகளவு ஒரு வெளிச்சம். மிளகாகிறது. பால் வண்டி. ஆடியின் நடுவில் வளர்ந்துகொண்டே வருகிறது, என் மேல் நேராக. பிறகு, நான் எதுவும் செய்யாமலே, மெல்ல ஓரத்துக்கு நகர்கிறது. எனக்காக. அடுத்து ஷேர் ஆட்டோ, அதுவும். கல்லூரிப் பஸ், அவ்வளவு பெரிய உடம்பு, சாய்ந்து விலகுகிறது.

அப்புறம் தண்ணீர் லாரி. பாலம் குறுகுகிற இடம், எதிரே வண்டிகள். லாரி என் பின்னால் நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. அதன் பின்னால் ஏழெட்டு வண்டிகள். பாலம் முடியும் வரை அத்தனை பேரும் என் வேகத்தில் வந்தார்கள். தாண்டிப் போகும்போது டிரைவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆறு வருஷமாக என் திறமையில் ஓட்டுகிறேன் என்று நினைத்தேனே. என் முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர், எத்தனை ஆயிரம் பேர், ஒரு விரல் அளவு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! முகம் தெரியாது. நன்றியும் வாங்கவில்லை.

மாம்பாக்கம் டீக்கடையில் யூனிஸ், "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்றாள். தூசி என்றேன்.

27 ஜூலை, ஞாயிறு

ஒரு காலை பார்த்ததை வைத்து உருகக்கூடாது. இன்று எண்ணினேன். நூறு வண்டிகள். முன்கூட்டியே விலகியவை தொண்ணூற்று மூன்று. சந்தேகம் நான்கு. விலகாதவை மூன்று, அவற்றுக்கு நானே ஒதுங்கினேன். ஒரே சாலை, ஒரே நேரம், போதாத சான்று. தெரியும். ஆனாலும் தொண்ணூற்று மூன்று!

10 ஆகஸ்ட், ஞாயிறு

வெள்ளைக் கார். ஆடியின் நடுவிலேயே நின்றது. வளர்கிறது, நகரவில்லை. நகரு, நகரு— நகரவில்லை. மண்ணில் இறக்கிவிட்டேன். நான் இருந்த இடத்தின் மேலேயே போயிற்று. ஓட்டினவன் தலை குனிந்திருந்தது, கையில் போன். பாவி.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "வீட்ல சொல்லாதே. ஒண்ணும் ஆகலையே" என்றாள் யூனிஸ்.

பயந்தேனா? பயந்தேன். அப்படியானால் பேச்சு பேச்சுதான்.

சாப்பிடும்போது சொன்னேன். அனந்து விற்றுவிடு என்பார் என்று காத்திருந்தேன். "எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?" என்றார்.

"அது நகரலை. மத்தவங்கல்லாம் நகர்வாங்க."

"நம்ம ஊர்லயா? எவன் நகர்வான்?"

"நூத்துக்குத் தொண்ணூத்து மூணு பேர்."

நம்பவில்லை. "வெள்ளிக்கிழமை லீவு. நான் பின்னாடி வந்து பாக்கறேன்."

15 ஆகஸ்ட், வெள்ளி

கண்ணாடி இல்லாத ஸ்கூட்டரில் வந்தார். ஆடியில் என் முழங்கைக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டோடு ஒரு சின்ன அனந்து. சிரிப்பு வந்தது.

ஆடியில் லாரி தெரிந்ததும் இரண்டு முறை கை காட்டினேன், ஓரமாக வாங்க என்று. இரண்டு முறையும் அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் லாரி அவர் பக்கத்தில் இருந்தது. இரண்டு நல்ல காது உள்ளவர்!

வண்டலூர் டீக்கடையில் கிளாஸ் காலியான பிறகு, "உன்னைத் தாண்டறவன் முதல்ல என்னைத் தாண்டித்தான் வரான். எனக்கு ஒண்ணுமே தெரியலை, கீதா" என்றார்.

டீக்காசு கொடுக்கும்போது, "விலகித்தான் போறாங்க" என்றார், யாரிடமோ தோற்றுப்போன மாதிரி.



24 ஆகஸ்ட், ஞாயிறு

கோவளம் வரை. யூனிஸ் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசினாள், தோற்றாள். நான் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஆடியில் பார்த்தேன். பிஸ்கட் அளவுக்குள் முழுக் கடல், ஐந்து படகு, என் முழங்கை.

1 செப்டம்பர், திங்கள்

நேற்றோடு கெடு முடிந்தது. இருவரும் அதைப் பேசவில்லை. இரவு பரணில் எதையோ உருட்டினார். என்ன என்று கேட்டதற்குப் பழைய பேப்பர் என்றார்.

காலையில் கிளம்பித் தெருமுனை திரும்புவதற்குள் ஆடியைப் பார்த்தேன். கேட்டிலிருந்து அவருடைய ஸ்கூட்டர் வெளியே வருகிறது. அதற்கு இரண்டு காது முளைத்திருந்தது.

வண்டியை நிறுத்தி, வலப்பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முழங்கையை ஒரு தடவை அசைத்துச் சரிபார்த்தார்.