வடக்குப் பார்த்த வாசல்

என் ஆசை நானா,

அஸ்ஸலாமு அலைக்கும். கரைத்தீவில் இப்போது காற்றுக் காலம், மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. டென்மார்க்கில் உங்கள் கபுரின் மேல் பனி உருகிப் புல் முளைத்திருக்குமா? யாரிடம் கேட்பேன்? உங்கள் ஜனாஸாவை அடக்கியதையே நான் போனில்தானே பார்த்தேன்.

ஒரு புதினம் சொல்லத்தான் எழுதுகிறேன். மகளுக்காக வீட்டு வளவின் பின்பக்கம் வீடு கட்டத் தொடங்கிவிட்டோம்.

நீங்கள் அங்கே உங்கள் குட்டி ஊரில் வீட்டுக் குசினியைப் பெருப்பித்துக் கட்டப் போனபோது, மியூசியத்து ஆட்கள் வந்து வேலையை நிறுத்திய கதையைச் சொன்னீர்களே. மேல்மண்ணை வழித்ததும் கறுப்புக் கறுப்பாக வட்டங்கள். ஆதிகாலத்தில் அங்கே நின்ற வீடொன்றின் தூண்கள் மண்ணோடு மக்கிய தடங்களாம்.

"மரம் உக்கிப் போயிடும் தங்கச்சி. மண்ணுல நிறம் மட்டும் போகாது. வாசல் எந்தப் பக்கம் என்டுகூடச் சொல்லிட்டாங்க."

"அந்த வீட்டாக்கள் எங்க போனாங்களாம்?"

"அது மட்டும் தெரியாதாம்" என்றீர்கள்.

போன கிழமை அத்திவாரம் வெட்டும்போது எங்கள் மண்ணிலும் அதே வட்டங்கள், நானா!

"உக்கின கட்டைக் குழி தாத்தா. மூடிட்டுக் கல்லு வைப்பம்" என்றார் மேசன் பாஸ். என்னை அக்கா முறையில் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"தொடாதீங்க பாஸ்!" என்று கத்தியே விட்டேன்.

"என்ன, புதையலா?"

ஓம், புதையல்தான். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த புதிதில் வாப்பாவும் நீங்களும் நம் குடிசைக்கு நட்ட கட்டைகள் அவை. நெருக்கமாக இருந்த இரண்டு வட்டங்கள்தான் வாசல் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. எல்லாருடைய குடிசையும் பாதையைப் பார்க்க, நம்முடையது மட்டும் வடக்கே மன்னாரைப் பார்த்து நின்றது. "திரும்பிப் போறதுக்கு லேசா இரிக்கும்" என்று அடம்பிடித்தது நீங்கள்தானே. நாங்கள் திரும்பிப் போகவில்லை. நீங்கள் மட்டும் வடக்கே போனீர்கள், டென்மார்க் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தீர்கள்.

அந்தக் கறுப்பு மண்ணில் கையை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. பாஸ் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.

டென்மார்க்கில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வயலில் ஒரு புல்மேடு இருக்கிறது, உள்ளே அடக்கிய பழங்காலத்து மையித்து, விவசாயி இன்றைக்கும் அதைச் சுற்றித்தான் உழுகிறான் என்பீர்கள். அப்படிப்பட்டவர்களின் ஊரில்தான் உங்களை அடக்கியிருக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனாலும் நானா, அந்தக் கபுரில் ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே.

புது வீட்டுக்கு வடக்கிலும் ஒரு வாசல் வைக்கச் சொல்லிவிட்டேன், அதே இரண்டு வட்டங்களின் மேல்.

"அங்கால வேலிதானே தாத்தா, யார் வரப்போறா?" என்றார் பாஸ்.

"வாற ஆள் வரட்டும்" என்றேன்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் உம்மா கதவையெல்லாம் சாத்திவிடுவா, நினைவிருக்கிறதா? நானும் அப்படித்தான். ஆனால் அந்த வடக்கு வாசலை மட்டும், கொஞ்சம் வெளியே பார்த்துவிட்டுத்தான் சாத்துவேன்.

கரைத்தீவிலிருந்து,
உங்கள் ஒரே தங்கச்சி நஸீமா