முதுகுக்குப் பின்னால் ஒரு தமிழ்க் குரல்

டூட்டிங், லண்டன்
12.06.2007

அன்புள்ள தர்சனுக்கு,

இங்கே அம்மா, அப்பா, கௌரி எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவனுக்குச் சுகத்துக்கு என்ன குறை? என் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் கனடாக்கார விளையாட்டுக்காரர்கள் மேசையில் கிடக்கிற எதையும் எடுத்து வாசிப்பார்கள் என்று நீதான் சொன்னாய்.

முதலில் கல்யாணச் சங்கதிகள். லூயிஷாம் சிவன் கோயிலில் மண்டபம் உறுதியாகிவிட்டது. ஐயர் முகூர்த்தத்தைக் காலையில் வைத்திருக்கிறார். வடக்கு இங்கிலாந்திலிருந்து வருகிற உன் ஆட்களை முதல் நாளே வந்து நிற்கச் சொல். கூறைச் சேலையை உன் அம்மா இன்னும் கண்ணில் காட்டவில்லை என்று கௌரிக்குக் கோபம். அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் லீவு கேட்டிருக்கிறார், கிடைத்துவிடும்.

அம்மா எனக்குப் பட்டு வேட்டியும் சால்வையும் வாங்கி வைத்திருக்கிறார். பெண்ணின் அண்ணன் நான், அதனால் நான்தான் உனக்குத் தோழன். நீ மண்டப வாசலில் வந்து நிற்கும்போது செம்பில் தண்ணீர் எடுத்து நான் உன் கால்களைக் கழுவ வேண்டும். நீ என் விரலில் மோதிரம் போட வேண்டும். நம்முடைய முறை அதுதான். போன கிழமை வரைக்கும் எனக்கு அது ஒரு பகிடியாகத்தான் இருந்தது. உன் கால் நாற்றம் எனக்குத் தெரியாததா, எத்தனை வருஷம் ஒரே உடைமாற்றும் அறையில் கிடந்தோம் என்று கௌரியிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது அந்தச் செம்பைப் பார்க்கவே வயிறு எரிகிறது.

ஸ்ட்ரீதம் ஐஸ் அரங்கத்தில் நாம் முதன்முதலில் விழுந்து எழும்பியபோது இருவருக்கும் பதினொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிரிக்கெட் விளையாடாமல் இதென்ன பேய் விளையாட்டு என்று இரண்டு வீட்டிலும் ஏச்சு. ஐஸ் ஹொக்கியிலும் நாம் எடுத்தது கைதட்டு வாங்கும் வேலை இல்லை. கோல் அடிப்பவன் வேறு, அடிக்க விடாதவர்கள் நாம். ஓடி வருகிறவனுக்குக் குறுக்கே போய் நிற்க வேண்டும், பறந்து வரும் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, உடம்பில் வாங்க வேண்டும். அப்படி அடி வாங்கி அடி வாங்கியே சம்பளம் தருகிற லண்டன் குழுவுக்குள் போனோம். இடது பக்கம் நான், வலது பக்கம் நீ. அறிவிப்பாளருக்கு நம் இரண்டு பேரின் பெயரும் கடைசி வரை வாயில் நுழையவில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் நம்மை அண்ணன் தம்பி என்றே நினைத்தார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூலையில் கிடக்கிற பக்கை எடுக்கப் போகிறவனுக்குப் பின்னால் வருவது தெரியாது. கூட விளையாடுகிறவன்தான் கத்திச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் இங்கிலீஷில் கத்துவார்கள், எதிராளிக்கும் விளங்கிவிடும். நாம் தமிழில் கத்தினோம். ‘வாறான்’ என்றால் உடனே தட்டி விரட்டு என்று அர்த்தம். ‘நான் நிக்கிறன்’ என்றால் அவசரப்படாதே, பின்னால் நான் பார்த்துக்கொள்கிறேன், ஆறுதலாகத் திரும்பு என்று அர்த்தம். அந்தச் சொல்லை நம்பி நான் எத்தனை முறை கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் கொடுத்திருப்பேன்!

வடக்கே நல்ல ஒப்பந்தம் கிடைத்து நீ போனபோது எனக்குக் கோபம் இல்லை. ஆர்ச்வே முருகன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தவன் நான். அடுத்த பெப்ரவரியில் நீ மற்றக் குழுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு லண்டனுக்கு விளையாட வந்தாய். பக் மூலைக்குப் போனது, நானும் போனேன். பின்னால் உன் குரல் கேட்டது. ‘நான் நிக்கிறன்.’

என் உடம்பு அந்தக் குரலுக்குப் பழகியது. குரலுக்கு உரியவன் இப்போது எந்தச் சட்டை போட்டிருக்கிறான் என்று அது யோசிக்கவில்லை. உடம்பைத் தளர்த்தி, ஆறுதலாக முதுகைத் திருப்பினேன். நீ வந்து இடித்த வேகத்தில் அரங்கத்தைச் சுற்றியிருக்கும் பலகையில் போய் மோதினேன். தோள்மூட்டு நொறுங்கியது, தலையிலும் அடி. அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு நினைவில்லை. அதற்கு முந்தியது எல்லாம் நினைவிருக்கிறது. கடைசி நேரத்தில் நானாகவே முதுகைத் திருப்பியதாக நடுவர் சொன்னார். விபத்து என்று முடித்தார்கள். இருபத்தைந்து வயதில் என் விளையாட்டும் முடிந்தது. இன்று அதே ஸ்ட்ரீதம் அரங்கத்தில் வருகிறவர்களுக்கு வாடகைச் சப்பாத்து எடுத்துக் கொடுக்கிறேன், அதுவும் ஒரு கையால்.

அன்று அத்தனை சனம் இருந்தும் நீ கத்தியது எனக்கு மட்டும்தான் விளங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது என்று நானே உனக்காக வாதாடி என்னை நம்பவைத்தேன். நீ கிழமை தவறாமல் ரயிலேறி ஆஸ்பத்திரிக்கு வந்தாய், எனக்குச் சூப் பருக்கினாய். அங்கேதான் கௌரி உன்னைக் கவனித்தாள். ஒருத்தன் சிநேகிதனுக்காக இப்படியும் வருவானா என்று கேட்டாள். அவன் தங்கம் என்று சொன்னேன். அவள் உன்னை நம்பத் தொடங்கியது என் வாய்ச் சொல்லால்தான், தர்சன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஐஸ் மேல் தமிழ் பேசிய கதையைச் சொல்லச் சொல்லி கௌரி கேட்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு இருந்தோம். எல்லாம் ஆறிப்போன காயம், நாளைக்கு நீ என் வீட்டு மாப்பிள்ளை என்ற நினைப்பில், இந்த விசரன் அன்றைக்கும் பழக்கதோஷத்தில் ‘நான் நிக்கிறன்’ என்று கத்த, நான் ஒரு மோடன் அதை நம்பித் திரும்பினேன் என்று பகிடியாகத்தான் சொன்னேன். நீயும் சிரித்து, ஓம் மச்சான் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நீ முகம் மாறாமல், “இல்லை மச்சான், நான் ஒண்டும் கத்தேல்லை. தலையில அடிபட்டதில உனக்குக் குழம்பியிருக்கு” என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டுச் சோற்றிலேயே மறைத்தவனை அன்றுதான் பார்த்தேன். “டொக்டரும் மறதி வரும் எண்டு சொன்னவர்தானே அண்ணா” என்றாள் கௌரி. அம்மா எழுந்து வந்து, காய்ச்சலில் கிடக்கும் வருத்தக்காரப் பிள்ளைக்குச் செய்வதுபோல என் தலையைத் தடவினார். நீ பருப்பை எடுத்து விட்டுக்கொண்டாய்.

பழக்கத்தில் கத்தியிருந்தால் மறைக்க என்ன இருக்கிறது? இந்தக் கேள்விதான் என்னைத் தின்கிறது. இரண்டு வருஷமாக உனக்கு நான் தேடி வைத்திருந்த நியாயத்தை நீயே ஒரு வாய்ச் சொல்லில் உடைத்துவிட்டாய். என் தோளை உடைத்ததை மன்னித்தேன், இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ ஆஸ்பத்திரிக்கு வந்தது பாசத்திலா, நான் வாய் திறக்கிறேனா என்று பார்க்கவா? இதையும் இப்போது யோசிக்க வைத்துவிட்டாயே, பாவி.

பயப்படாதே, கல்யாணத்தை நான் குழப்ப மாட்டேன். கௌரி உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். நீ என்ன செய்தாலும் அன்று காலை நான் வேட்டி கட்டி வாசலில் நிற்பேன், சபையில் அவள் தலை குனிய விட மாட்டேன். ஏன் கத்தினாய் என்றும் நான் கேட்கவில்லை. அது உன்னோடும் உன் கடவுளோடும் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தாலி கட்டுவதற்கு முன் அவளிடம் போய், ஓம், உன்ர அண்ணை சொன்னது சரி, நான் கத்தினனான் என்று சொல். நாளைக்கு அவளுக்கு உன் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் அவள் ஓடி வர வேண்டியது என்னிடம். அவன் பொய் சொல்கிறான் என்று அன்று நான் சொன்னால் அவள் நம்ப வேண்டும். தலை குழம்பிய அண்ணனின் பேச்சை யார் நம்புவார்கள்? அந்த ஒரு கதவை மட்டும் அவளுக்கு அடைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போகாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அதைச் சொல்லும் தைரியத்தை முருகன் உனக்குத் தரட்டும். அவளுக்கு நீ நல்ல புருஷனாக இரு.

இப்படிக்கு,
கௌரியின் அண்ணன்
திருமாறன்