கழுத்துக் கறுப்பு

எர்ணாவூர்,
ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு ராமசெல்வி எழுதுவது.

உன் மகனை நீதான் நோயாளி ஆக்குகிறாய். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

பாலகணேஷின் பின்கழுத்து கறுத்துக் கிடப்பது உனக்குத் தெரியாது. வீடியோவில் நீ பார்ப்பது கன்னத்தை மட்டும். குண்டுப்பயலே என்று கொஞ்சுகிறாய். கரித்தூசி என்று நினைத்து அண்ணி கடலைமாவு போட்டுத் தேய்த்தார், அப்புறம் பீர்க்கங்காய் நாரால். மாடியில் காயும் வெள்ளைத்துணி சாம்பல் படிந்து கறுக்கும் ஊரில் வேறென்ன நினைப்பது? நானும் அனல்மின் நிலையத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பில் டீச்சர் குளித்துவிட்டு வரச் சொன்னாராம். அதன்பிறகு பிள்ளை தானே தேய்க்க ஆரம்பித்து, தோல் உரிந்து சட்டைக் காலரில் ரத்தம்.

அந்தப் புண்ணுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "இது அழுக்கு இல்லம்மா, இனிமே தேய்க்காதீங்க. எடை கூடிப்போய் உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கிறதுக்கு அடையாளம்" என்றார் டாக்டரம்மா. ஈரலிலும் கொழுப்பு சேர்ந்திருக்கிறதாம். சர்க்கரை இன்னும் வரவில்லை. இப்படியே விட்டால் மீசை முளைக்கும் வயதிலேயே வந்துவிடலாம், பின்னால் இதயம், சிறுநீரகம் என்று போகலாம், இப்போதே கவனித்தால் சரியாக்கிவிடலாம் என்கிறார்.

அண்ணி கேட்பதாயில்லை. நீ வெளிநாட்டிலிருந்து பெட்டியில் அனுப்பும் சாக்லேட்டையும் ஜூஸ் பவுடரையும் எடுத்து ஒளித்தால், அப்பா ஆசையாய் அனுப்பியதில் நீ ஏன் கை வைக்கிறாய் என்று சண்டைக்கு வருகிறார். ஓடி விளையாடட்டும் என்றால், "எங்க வெளையாட? ரோட்டுலயா?" என்கிறார். நீ பந்து போட்ட மைதானத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. தெருப் பையன்கள் இவனைக் கண்டால், "மாமு, ட்ரெய்லர் வந்துகினு கீது, வழி வுடு" என்கிறார்கள். இவனும் சிரித்துக்கொண்டே வாயால் ஹாரன் அடித்துக் காட்டுகிறான்.

அப்பாவின் கழுத்தும் இப்படித்தான் இருந்தது. கரிக்கடைக்காரர் கழுத்து வேறெப்படி இருக்கும் என்று விட்டுவிட்டோம். சர்க்கரை நோயில் அவருடைய காலை வெட்டி எடுத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து நீ அழுதாய்.

பெட்டி அனுப்புவதை நிறுத்து. அண்ணியிடம் நீயே பேசு. இந்த லீவில் வந்து பிள்ளையோடு கடற்கரை வரைக்கும் நட. நீங்கள் இரண்டு பேரும் ரொம்ப காலம் இருக்கவேண்டும்.

இன்னொன்று. அத்தனை வெயில் நாட்டில் இருந்தும், வீடியோவில் நீ கழுத்துப் பொத்தானைக் கழற்றுவதே இல்லை. அடுத்த முறை பேசும்போது போனைப் பின்னால் பிடித்து உன் கழுத்தைக் காட்டு, அண்ணா.

தங்கை,
ராமசெல்வி