மறுபாதி சொல்கிறவர்

இயேசு மரி சூசை துணை

விளாங்குடி, மதுரை
ஜெபமாலை மாதம், இரண்டாம் வாரம்

அன்புத் தங்கை பெர்சிக்கு அக்காள் பிலோமினாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் ஜெனிஷாவும் சுகம். மைசூர்ப் பக்கத்துக் குளிரில் உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? கவர் மேலே அருட்சகோதரி மரிய அமலதாசி என்று மடத்துப் பேரைத்தான் எழுதியிருக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் பேனா இளைத்துவிட்டது. உள்ளே நீ பெர்சிதான். கன்னியாஸ்திரியை நீங்கள் என்றுதான் எழுத வேண்டும் என்று ஜெனிஷா சண்டைக்கு வருகிறாள். உனக்கு மூக்குச் சிந்திவிட்ட கை இது, மரியாதை வராது. உங்கள் மதர் இதை முதலில் பிரித்துப் படிப்பவர்கள் என்றால் அவர்களுக்கு என் தோத்திரம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கச் சொல்.

ஜெனிஷா கல்யாணம் முடிவாகிவிட்டது. திருவருகைக் காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்களே, அதனால் தையில் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை பேர் ஜோ. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆள் நல்ல உயரம், பேச்சுதான் குட்டை. சாப்பிட்டீங்களா மாப்ள என்று கேட்டால் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆமா என்கிறார். நம் வீட்டுக்கு இப்படி ஒரு அமைதியான ஆள் வருவது நல்லதுதான். பேசுவதற்கு நான் இருக்கிறேன். நீ அடைப்பு மடத்துக் கம்பிக்கு உள்ளே இருந்துகொண்டு கல்யாணத்துக்கு வர முடியாது என்பது தெரியும். உன் பங்குப் பிரியாணியை நான் சாப்பிட்டுக்கொள்கிறேன், கவலைப்படாதே.

கோச்சடை ஹாஸ்டலில் அதே சோறு, அதே சாம்பார், அதே நான். புதிதாக வந்திருப்பது சிஸ்டர் அமலி மட்டும்தான். ஜெனிஷா வயசுதான் இருக்கும். எங்கேயோ தியானத்துக்குப் போய்விட்டு வந்து, சமையல்கட்டில் இருக்கிற எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். வேலையை நிறுத்திவிட்டு ஜெபம் பண்ண உங்களுக்கு நேரம் கிடையாது, வேலையோடு வேலையாகப் பண்ணலாம், அதற்கு மனவல்லய ஜெபம் என்று பேர் என்றார்கள். ஒரே வரிதான், எப்போது வேண்டுமானாலும் சொல்லலாமாம். நான் அதை மணவாள ஜெபம் என்று காதில் வாங்கிவிட்டேன். அதைச் சொன்னா ஓடிப்போன மணவாளன் திரும்பி வருவாரா சிஸ்டர் என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. யாரோ அவர்களிடம் என் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜெபம் இவ்வளவுதான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இயேசுவே என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். வெளியே விடும்போது என்மேல் இரக்கமாயிரும் என்று சொல்ல வேண்டும். அரிசி களைந்தால் தண்ணீரின் குளிர்ச்சியைக் கவனிக்க வேண்டும், வெங்காயம் நறுக்கினால் கத்தியைக் கவனிக்க வேண்டும். நேற்றைக்கும் நாளைக்கும் ஓடாமல், ஆண்டவர் இந்த நிமிஷத்தில்தான் இருக்கிறார் என்று அங்கேயே நிற்க வேண்டும். எங்களோடு காய் நறுக்குகிற ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. எங்க சாமி பேரு நீளம் சிஸ்டர், ஒரு மூச்சுல அடங்காது, உங்க சாமி பேரையே நானும் சொல்லிக்கிறேன், எங்க சாமி கோவிச்சுக்காது என்றாள். சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் நான் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் நான் சாம்பாருக்குத் தாளிக்கும்போது சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, அக்கா, நீங்க மூச்சை உள்ளே இழுக்குறீங்க, வெளியே விடவே மாட்டேங்குறீங்களே என்றார்கள். ஒச்சம்மாள் சும்மா இருப்பாளா? அது மூச்சைக்கூட மிச்சம் புடிக்கிற பொம்பள சிஸ்டர் என்றாள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் பார்க்கிறேன், உண்மைதான். இயேசுவே என்று சொல்லிவிட்டு நெஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மீதியை வேறு யாரோ சொல்லட்டும் என்று விட்டுவிட்டு நிற்கிறேன்.

அந்த வேறு யாரோ யார் என்று உனக்குத் தெரியும். இதை உனக்கு இதுவரை எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன், பயப்படாதே.

உன் மச்சான் இருந்தபோது விளக்கு வைக்கிற நேரத்தில் ஜெபமாலை சொல்லுவோம். முதல் பாதி நான், மறுபாதி அவர். அதுதான் எங்கள் ஒப்பந்தம். நான் முடிப்பதற்குள்ளேயே அவர் தொடங்கிவிடுவார். பெயின்டு அடிக்கிறவர் அல்லவா, ஒரு சுவர் காய்வதற்குள் அடுத்த சுவருக்குப் போகிற அவசரம் ஜெபத்திலும் வரும். இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும் என்கிற இடத்தை மட்டும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி தாண்டுவார். ஆமென் சொல்லுமுன் ஒரு இருமல். மரண வேளை வந்தா நீங்க இருமிக்கிட்டே நிப்பீங்க, மாதாவுக்கு ஒண்ணும் வெளங்காது என்று நான் கேலி பண்ணுவேன்.

அவனியாபுரத்தில் ஒரு வீட்டுக்குப் பெயின்டு அடித்துக்கொண்டிருந்தவர், வாளியையும் பிரஷையும் அங்கேயே வைத்துவிட்டு டீ குடிச்சுட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். டீக்கடைக்கு வரவில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஷேர் ஆட்டோவில் ஏறினார் என்று ஒருவர், ஏறவில்லை என்று ஒருவர். வருகிற கார்த்திகையோடு ஆறு வருஷம். போலீஸ் தேடியது உனக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரிக்கு ஆள் அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டது உனக்குத் தெரியாது. போனேன். துணியை விலக்கிக் காட்டினார்கள். அவர் இல்லை. யாரோ பெத்த பிள்ளை. ஆனால் அந்த ஆளின் நகக்கண்ணில் நீலப் பெயின்டு இருந்தது, பெர்சி. அவர் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகும், மறுபடி உள்ளே போய் நன்றாகப் பார்க்க வேண்டுமோ என்று எனக்கு ஒரு நினைப்பு. இன்றைக்கும் சோறு வடிக்கும்போது அந்த நினைப்பு வரும்.

அப்புறம்தான் அது நடந்தது. தனியாக ஜெபமாலை சொல்லும்போது பழக்க தோஷத்தில் முதல் பாதியைச் சொல்லிவிட்டு, அவருக்கு இடம் விட்டேன். பின்அறைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபாதி வந்தது. நான் முடிப்பதற்குள்ளேயே தொடங்கிவிட்டது. மரண வேளையை விழுங்கியது. ஆமெனுக்கு முன்னால் இருமியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னாடி வந்து உக்காந்து சொல்லுங்க, திரைக்குப் பின்னாடி என்ன வெக்கம் என்று மட்டும் சொன்னேன். ஜெபமாலையின் அடுத்த மணிக்கு மறுபாதி மட்டும் மறுபடி வந்தது. அன்று மட்டும் இல்லை. தினமும் விளக்கு வைத்தால் வந்துவிடுவார். ஹாஸ்டலில் எல்லாரிடமும் வாயடித்துவிட்டுச் சாயங்காலம் எதற்கு அவசரமாகப் பஸ் ஏறுகிறேன் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் ஆள் காத்திருந்தார்.

சாம்பாருக்குத் தாளித்த அன்று சிஸ்டர் என் முதுகில் உள்ளங்கையை வைத்தார்கள். நீங்க இழுங்க, விடும்போது நானும் சேர்ந்து சொல்றேன் என்றார்கள். என்மேல் இரக்கமாயிரும் என்று இரண்டு பேரும் சொன்னோம். எங்கிருந்துதான் அவ்வளவு மூச்சு வந்ததோ, அடுப்பே அணைந்துவிடும்போல வந்தது. கண்ணும் சேர்ந்து வந்தது. தாளித்த மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று சோறு பரிமாறும்போது தட்டுத் தட்டாக, பிள்ளை பிள்ளையாக முகம் பார்த்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளைகளை அன்றுதான் பார்த்தேன்போல் இருந்தது. நல்ல ஜெபம்தான் பெர்சி, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் முதல் பாதியைச் சொன்னேன். மூச்சை விட்டேன். மறுபாதி என் வாயிலிருந்தே வந்துவிட்டது. நிதானமாக, மரண வேளையிலும் என்று ஒவ்வொரு எழுத்தாக வந்தது. திரைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். இழுத்து இழுத்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், மெதுவாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது, நடுவில் புகுந்துவிடுவார் என்று. மின்விசிறி சத்தம்தான். அவர் வந்தபோது எனக்குப் பயம் இல்லை. வராத இப்போதுதான் அந்த அறைக்குள் போகவே கால் கூசுகிறது.

இந்த நேரம் பார்த்துச் சம்பந்தி அச்சகத்திலிருந்து போன் பண்ணினார். தன்மையான மனுஷன். கேட்கத் தெரியாமல் கேட்டார். சம்பந்தி, தப்பா நினைக்கக் கூடாது, பத்திரிகைல உங்க வீட்டுக்காரர் பேருக்கு முன்னாடி என்ன போடச் சொல்ல என்றார். திரு என்று போடுவதா, லேட் என்று போடுவதா? நான் வழக்கம்போல், மனுஷனே லேட்டாத்தான் வருவாரு சம்பந்தி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அவர் சிரிக்கவும் முடியாமல் போனை வைக்கவும் முடியாமல் தவித்தார். பாவம். திங்கட்கிழமை சொல்றேன் என்றேன்.

போனை வைத்த பிறகு ஜெனிஷாவிடம் கேட்டேன். நீ சொல்றதுதான்மா, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா என் கல்யாணத்தன்னிக்கு நீ என்னையப் பார்க்கணும், கோயில் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது என்றாள். அப்போதுதான் அவளிடம் திரைக்குப் பின்னால் வந்த குரலைப் பற்றிச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. எனக்குத் தெரியும்மா என்றாள். வேலை முடிந்து வரும்போது வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருப்பாளாம். ஜெபமாலை முடிந்த பிறகுதான் உள்ளே வருவாளாம். நீயும் அப்பா குரலக் கேட்டியா என்று நான் ஆசையாகக் கேட்டேன். ஆமாம்மா, உன் வாயில இருந்து கேட்டேன், ரெண்டு பாதியையும் நீதான் சொன்ன, மறுபாதியை அப்பா மாதிரியே வேகமாச் சொன்ன என்றாள். அந்த இருமலுமாடி என்று கேட்டேன். அதுவும்தாம்மா என்றாள்.

அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். நான் சட்னி அரைத்தேன்.

பெர்சி, நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது நிஜமாக இருந்தால் அவர் இத்தனை நாளும் இங்கே வரவே இல்லை. அவள் சொல்வது தப்பாக இருந்தால் அவர் வந்தார், இப்போது போய்விட்டார். எப்படிப் பார்த்தாலும் திங்கட்கிழமை நான் சம்பந்திக்குச் சொல்ல வேண்டியது ஒரே சொல்தான். அதைச் சொல்லிவிடுவேன். ஆனால் அதை முதலில் அச்சகத்தில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் சொல்வோமே, அந்தச் சின்ன ஜெபம். அவருக்காக இதுவரை நான் அதைச் சொன்னதே இல்லை. சொல்லிப் பார்த்தேன், முதல் வரி வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. உலகத்தில் இருக்கிற எல்லா ஜெபத்துக்கும் முதல் பாதி சொன்னவளுக்கு இதற்கு மட்டும் நாக்கு எழவில்லை.

அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் மடத்தில் திரிகால மணி அடிப்பார்கள். இங்கேயும் அடிக்கும். மணி நின்றதும் நீ அவர் பேரைச் சொல்லி, அந்த ஜெபத்தின் முதல் பாதியைச் சொல். அவசரப்படாதே, நிதானமாகச் சொல். எனக்கு இங்கே கேட்காது, பரவாயில்லை. முடிவில்லாத ஒளி என்று தொடங்கும் மறுபாதியை நான் சொல்லிவிடுவேன்.

உன் முட்டுக்கும் மூச்சுக்கும் ஆண்டவர் துணையாக இருக்கட்டும், கண்ணு.

இப்படிக்கு,
உன் அக்காள்
ராயப்பன் பிலோமினாள்