சிமெண்ட் இல்லாமல் ஒட்டியது

அரியலூரிலேயே அதிகம் திட்டத் தெரிந்த என் அருமை அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடி ஒரு முக்கியத் தீர்மானத்தை நிறைவேற்றியது: உன் வாக்கரை இனி குடைகள் இருக்கும் மூலையில் வைப்பது. எதிர்ப்பு ஏதுமில்லை. சாயங்காலம் உன் மகன் செந்தில் அதை எடுத்துப்போய் மறுபடி உன் கட்டிலோரம் வைத்துவிட்டான்.

இடுப்பு எலும்பு முறிந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அன்றைக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உள்ளே வைக்கும் உலோகத் தண்டைச் சிமெண்ட் வைத்தும் ஒட்டலாம், இல்லையென்றால் மேலே பூச்சு பூசிய தண்டையும் வைக்கலாம் என்றார்.

"சுத்தி சிமெண்ட் ஆலையா இருக்கற அரியலூர்க்காரிக்கு சிமெண்ட் இல்லாமயா சார்? ஊரு சிரிக்காது?" என்றாய்.

"பூச்சும் சுண்ணாம்புச் சத்துதாம்மா. உங்க எலும்புல இருக்கறதேதான். அத வேத்தாளா நெனைக்காம எலும்பு மெல்ல வளந்து புடிச்சுக்கும்."

நீ என் பக்கம் திரும்பினாய். "பாத்தியாடா, எலும்புக்கு இருக்கற புத்தி! எங்க மாமியாருக்குக் கடைசி வரைக்கும் வரல."

மறு வருஷமே வாக்கரை ஈரத்துணி காயப்போட விட்டுவிட்டு, செட்டிகுளம் மலைக்கோயில் படி ஏறினாய். உன்னைக் கைவிட்டது நெஞ்சுதான்.

காடாற்றன்று சாம்பலில் எலும்பு பொறுக்கும்போது அந்தத் தண்டு கிடைத்தது. சொரசொரப்பான மேல்பாகத்தில் உன் எலும்பு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இரும்ப ஆத்துல போடக் கூடாது. எலும்ப மட்டும் பேத்தெடு" என்றார் செந்திலின் பெரியப்பா. அது இரும்பு இல்லை என்று விளக்கும் இடமா அது?

செந்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "வரமாட்டேங்குது மாமா."

"கல்லால தட்டுடா, வந்துடும்" என்றார் பெரியப்பா.

கல்லை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் தட்டியிருந்தால் அந்தச் சத்தத்தோடு நான் எப்படி வீடு திரும்பியிருப்பேன், அக்கா? தண்டை வாங்கித் துண்டால் துடைத்துக் கலசத்துக்குள் போட்டேன்.

"கூடப் பொறந்தவன் சொல்றேன். இது முழுக்க எங்க அக்காதான்."

"என்னமோ பண்ணுங்க" என்று பெரியப்பா திரும்பிக்கொண்டார்.

இப்போதும் காலையில் காபிக்கு முன்னால் போனைக் கையில் எடுக்கிறேன். 'சாப்டியா' என்றுகூடக் கேட்காமல் நேராகத் திட்ட ஆரம்பிப்பாயே, அந்தக் குரலுக்காக. அங்கே யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறாய்?

வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்குத் திருமானூர் படித்துறைக்கு வருவேன், சத்தியமாக. கொள்ளிடத்தில் கலசத்தைக் கவிழ்த்ததும் சாம்பல் கிழக்கே போய்விட்டது. தண்டு அங்கேயே மூழ்கிவிட்டது.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி