ஆணியில் ஆறு ரப்பர் பேண்டுகள்

மார்ச் 3, செவ்வாய்

குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் ஆறு ரப்பர் பேண்டுகள் மாட்டியிருந்தேன். இன்று காலை எண்ணினால் நான்கு. இந்த வீட்டில் யார் எடுப்பார்கள்? இவருக்குத் தன் சீப்பு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. மிச்சம் இருப்பது நாத்தனார் ஒருத்திதான். கணவனைப் பிரிந்து அண்ணன் வீட்டுக்கு வந்து ஐந்து வாரமாகிறது. நடந்தால் சத்தமே வராது. மனசுக்குள் நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பூனை.

ரப்பர் பேண்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். அதன்மேல் நெற்றி மறைய ஒரு துணி. வீட்டுக்குள்ளும் அவிழ்ப்பதில்லை. எதை மறைக்கிறாளோ.

மார்ச் 5, வியாழன்

எழுதவே கை வரவில்லை. பின்னந்தலையில் கொண்டை உட்காரும் இடத்தில் தடவினால் முள் முள்ளாகக் குத்துகிறது. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிராகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கை அகலத்துக்குக் குட்டைக் குட்டையாக முடி, எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். கத்தரி வைத்த மாதிரி.

என்னிடம் அழகு என்று சொல்ல இருப்பது இந்த முடி ஒன்றுதான். இடுப்புக்குக் கீழே தொங்கும், பின்னினால் மணிக்கட்டுக் கனம். பெண் பார்க்க வந்தபோதே மாமியார், "முகம் சுமார்தான், முடிக்காகவே கட்டலாம்" என்றாராம். நானும் அதைக் குறைவாகவா பார்த்துக்கொள்கிறேன்? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆறு மணி ஷிஃப்ட். நாலரைக்கே எழுந்து தலைக்குக் குளித்து, ஈரத்தை முறுக்கிப் பிழிந்து, இழுத்துச் சுருட்டி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, மேலே தொப்பி. விரிப்புக் கட்டுகளைக் கட்டும் நீல பேண்டு அது, லேசில் அறாது. இஸ்திரி போடும் பெரிய உருளைக்குப் பக்கத்தில் நிற்கிறவள் நான். "ஒத்த முடி வெளியே தெரிஞ்சாலும் உருளை கிட்ட வராதே" என்பார் சூப்பர்வைசர் அம்மா. ஒன்பது வருஷத்தில் ஒத்த முடி தெரிந்ததில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்து மூன்றிலிருந்து நாலு வரை தூங்குவேன். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது யார்?

பூனை.

மார்ச் 8, ஞாயிறு

கத்தரிக்கோலின் இரண்டு பிடிகளையும் சேர்த்து ஒரு நூலைக் கட்டி வைத்திருந்தேன். மூன்று நாளாக நூல் அப்படியே இருக்கிறது. அவளிடம் சொந்தக் கத்தரி இருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

வேலையிலிருந்து வந்ததும் பூனை ஒரு மரக்குச்சியை நீட்டினாள். சாண் நீளம், வழவழப்பாகத் தேய்த்தது.

"அண்ணி, ஈரத்தோட கட்டாதீங்க. காய விட்டு, தளர்வா சுத்தி, இதைச் செருகினா போதும். நிக்கும்."

ஐந்து வாரமாக இல்லாத அக்கறை திடீரென்று எங்கிருந்து வந்தது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். தளர்வாகச் சுற்றி உருளைக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? "பாக்கலாம்" என்று வாங்கிச் சமையலறைக் கரண்டிக் கூடையில் போட்டு வைத்தேன்.

போகிறபோது கேட்டாள்: "சாயங்காலத்துல தலை வலிக்குதா அண்ணி?"

வலிக்கிறது. தினமும் வலிக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 12, வியாழன்

ஆணியில் இன்று மூன்று.

மார்ச் 14, சனி

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். இல்லை, பிடிக்கவில்லை, பார்த்தேன். தூங்குவதுபோல் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். மூன்றேகாலுக்கு வந்தாள். என் சீப்பிலிருந்து முடிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு காகித உறையில் போட்டாள். போய்விட்டாள்.

செய்வினை மாதிரி விஷயங்களை நம்புகிறவள் இல்லை நான். இல்லைதான். ஆனால் ஒருத்தி முடியை உறையில் போட்டு வைக்க நல்ல காரணம் ஒன்று சொல்லுங்களேன் பார்க்கலாம்!

இவரிடம் சொன்னேன். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார். தங்கச்சி அல்லவா.

மார்ச் 15, ஞாயிறு

கேட்டுவிட்டேன். இவர் முன்னாலேயே, அவள் அலமாரியைத் திறந்து உறையை எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டிக் கேட்டேன். "என் முடிய எதுக்குடி சேத்து வைக்கிற? தூங்கும்போது வெட்டறதும் நீதானே?"

கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து உறையை அதில் கொட்டினாள்.

"தானா உதிர்ற முடிக்கு ஒரு நுனியில வெள்ளையா புள்ளி இருக்கும் அண்ணி. அதுதான் வேர். இதுல தேடுங்க."

தேடினேன். அத்தனை முடியில் நாலோ ஐந்தோதான் இருந்தன.

"மத்ததெல்லாம் உதிரல, அறுந்தது. ஈர முடி இழுத்தா நீளும், அப்புறம் அறும். ரப்பர் பிடிக்கிற இடத்துல வெட்டுது. ஒரே இடத்துல தினமும் போட்டா ஒரே உயரத்துலதான் அறும். பேண்டைக் குப்பையில போட்டது நான்தான். சொன்னா கேக்க மாட்டீங்க."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் தலைத்துணியை அவிழ்த்தாள். நெற்றி மூன்று விரற்கடை மேலே ஏறியிருந்தது. காதுக்கு மேலேயும் வெறும் தோல். பதினோரு வருஷம் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்றவள் அவள். அது எனக்குத் தெரியும். இது தெரியாது.

"கொண்டை கண்ணாடி மாதிரி இருக்கணும்னு மேனேஜர் சொல்லுவாரு. இருந்துச்சு. இப்ப நெத்தியும் கண்ணாடி மாதிரிதான் இருக்கு." சிரிக்கப் பார்த்தாள். "எனக்கும் முதல்ல சாயங்காலம் தலை வலிச்சுது. அப்புறம் முள்ளு முள்ளா இருந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல. உங்களுக்கு ஆரம்பிச்சிருக்கு. நேர்ல சொல்லப் பயமா இருந்துச்சு அண்ணி, நீங்க என்னைப் பாக்கற பார்வை அப்படி."

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குப் போக இடம் இல்லை.

மார்ச் 16, திங்கள்

முழுசாக நம்பினேனா? இல்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன், அது என் பிறவிக் குணம். நேற்று மாலையே தலைக்குக் குளித்துக் காய வைத்தேன். காலையில் இறுக்காமல் சுருட்டி, கரண்டிக் கூடையிலிருந்து அந்தக் குச்சியை எடுத்துச் செருகினேன். தொப்பிக்குள் முடி நழுவுகிறதா என்று நாற்பது தடவையாவது தொட்டிருப்பேன். நழுவவில்லை.

சாயங்காலம் தலை வலிக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என் அறைப் பக்கம் வரவில்லை. வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறாள், டப் டப் என்று. சமையலறைக்குள் நுழைவதற்கு முன் இருமுகிறாள். நான் வருகிறேன், திருட வரவில்லை என்று எனக்குச் சொல்கிறாள். ஒவ்வொரு டப்புக்கும் நான் குன்றிப்போகிறேன். சத்தமில்லாமல் நடந்தபோதே நன்றாக இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். ஹோட்டல்தான், தொலைபேசிப் பிரிவு. "அங்க யாரும் தலையைப் பாக்க மாட்டாங்க" என்று அண்ணனிடம் சொன்னாள். இன்னும் இரண்டு வாரத்தில் கிளம்புகிறாள். என்னால்தானா? வேலைக்காகத்தானா? கேட்கத் துணிச்சல் இல்லை.

மார்ச் 28, சனி

சீப்பை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். தரையில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"நீயே போட்டு விடு."

சீப்பை என் கையிலிருந்து வாங்கினாள். பிறகு சொன்னாள், "கத்தரிக்கோலை ஒளிச்சு வச்சுட்டு வந்தீங்களா?"

சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது. "தப்பா நினைச்சுட்டேன்டி. மன்னிச்சிடு."

"தலையை ஆட்டாதீங்க, சிக்கு விழும்" என்றாள்.

முதலில் விரலாலேயே சிக்கெடுத்தாள், நுனியிலிருந்து மேலே. முடிப் பாரத்தை இரண்டாகப் பிரித்து, தளர்வாக இரண்டு பின்னல். கழுத்துக்கு மேலே குறுக்காக மடித்து, கொண்டை ஊசி நாலு. பின்னல் நுனிக்குத் தன் பழைய வழவழப்பான ரவிக்கைத் துணியில் கிழித்த பட்டை. முடித்ததும் நெற்றியோரம் விரலைவிட்டு லேசாகத் தளர்த்தினாள். "வேர் மூச்சு விடட்டும். இன்னைக்குக் கீழே போட்டா நாளைக்கு மேலே போடுங்க. ஒரே இடம் எத்தனை நாள் சுமக்கும்? வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துடுங்க."

அவள் தலையில் துணி இல்லை என்பதை எழுந்து திரும்பியபோதுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலைப் பேருந்தில் போய்விட்டாள். குளியலறை ஆணியில் துணிப் பட்டைகள் தொங்குகின்றன. ஆறு. எண்ணித்தான் பார்த்தேன், என்ன செய்வது.

ஆகஸ்ட் 19, புதன்

பின்னந்தலையில் முள் இல்லை. சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, எந்த ஊசிக்கும் அடங்காமல் நிற்கிறது. தொப்பி போட்டால் சரியாகிவிடும்.

சலவைக்கூடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், என் வயதுதான். நல்ல கனமான முடி. சொட்டச் சொட்ட ஈரத்தோடு இறுக்கிய கொண்டை, அதில் நீல ரப்பர் பேண்டு இரண்டு. உடை மாற்றும் அறையில் அவள் தோளில் ஒரு முடி கிடந்தது. கை சும்மா இருக்குமா? எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வேர் இல்லை.

திரும்பினாள். "என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. சாயங்காலத்துல தலை வலிக்குதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பையை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். பெட்டியைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

வந்ததும் பூனைக்குப் போன் செய்து சொன்னேன். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

நாளைக்கு ஒரு மரக்குச்சி கொண்டுபோக வேண்டும். வாங்கிக் கரண்டிக் கூடையில்தான் போடுவாள். போடட்டும்.